பன்னிரண்டாம் மாடிக்கு ஒரு போத்தல் தண்ணீர்

'டமார்!'

தலைக்கு மேலே யாரோ இரும்புப் பீப்பாயைத் தூக்கி எறிந்தது போல் ஒரு சத்தம். லிப்ட் குலுங்கியது, அரையடி கீழே சறுக்கியது, அப்படியே நின்றுவிட்டது. விளக்கு போயிற்று. மின்விசிறி போயிற்று. அடுத்த நொடி அபாய மணி மட்டும் உயிர் பெற்று அலறத் தொடங்கியது.

"ஏசுவே!" ரோசலின் கையிலிருந்த பாசார் பையைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"யா அல்லா!" என்றார் அலாவுதீன். ஆனால் கையிலிருந்த பெரிய தண்ணீர்ப் போத்தலை அவர் விடவில்லை. கைக்குழந்தையை அணைப்பதுபோல் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

அவர் மகள் டாக்டர் ஷாஹிரா தோளில் தொங்கிய நீலநிற ஐஸ் பெட்டியைத் தடவிப் பார்த்தாள். மூடி திறந்துகொள்ளவில்லை. உள்ளே, காலையிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்த சிறுநீர் மாதிரிகள் இருந்தன.

மணி ஓய்ந்தது. கூரை ஓரத்தில் ஒரு சின்ன அவசர விளக்கு மஞ்சளாக எரிந்தது. பதினோராம் மாடிக்கும் பன்னிரண்டாம் மாடிக்கும் நடுவில் எங்கோ மூன்று பேரும் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

ரோசலின் சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். கரகரப்புக்குப் பிறகு கீழே காவலுக்கு இருக்கும் முஸ்தஃபாவின் குரல் வந்தது.

"யாரு உள்ள?"

"நான்தான், பன்னெண்டாவது மாடி ரோசலின். பிலால் அண்ணனும் அவர் மகளும் இருக்காங்க. சீக்கிரம் ஏதாச்சும் செய்!"

"பயப்படாதீங்க லா, அக்கா. லிப்ட் ஆளுக்குப் போன் பண்ணிட்டேன். புக்கிட் தெங்காவுல இருந்து வர்றான். பாலத்துல ஜாமாம்."

"போம்பாவைக் கூப்பிடு!"

"தீயணைப்பு வண்டி வந்தா மேனேஜ்மெண்ட் என்னைத்தான் கேக்கும். யாருக்காச்சும் மயக்கம் வந்தா சொல்லுங்க, உடனே கூப்பிடுறேன்."

"மயக்கம் வந்தப்புறம் நான் எப்படிடா சொல்வேன்?"

கரகரப்பு நின்றுவிட்டது. அலாவுதீன் முன்னால் வந்து பொத்தானை மறுபடி அழுத்தினார். "முஸ்தஃபா, எவ்வளவு நேரமாகும்?"

"வந்துருவான், அண்ணே."

"அதைக் கேக்கல. எவ்வளவு நேரமாகும்?"

கரகரப்பு மட்டும் வந்தது.

ஜெலுத்தோங்கில் இருக்கும் இந்த இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களும் ஷாஹிரா பிறப்பதற்கு முன்பே எழும்பியவை. அவள் வளர்ந்தது இங்கேதான், நான்காம் மாடியில். கட்டடங்களின் பின்னால், தொழுகைக்குத் தகரக் கூரை போட்ட சின்ன சூராவ் ஒன்று உண்டு. அங்கே பாங்கு சொல்லும் பிலால் அவளுடைய அத்தா அலாவுதீன். படித்து, கோலாலம்பூரில் வேலை பார்த்துவிட்டு, இப்போது பொதுச் சுகாதாரத் துறை டாக்டராக மறுபடி இங்கே வந்திருக்கிறாள். வந்த காரணம் நல்ல காரணம் இல்லை.

இந்த இரண்டு கட்டடங்களிலும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருந்தது. பல மடங்கு அதிகம். பொதுவாக இந்த நோய்க்குப் பெரிய காரணம் சிகரெட். ஆனால் இங்கே நோய் வந்தவர்களில் பாதிப் பேர் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. ஐந்தாம் மாடி நல்லம்மாள் ஒரு வெற்றிலைகூடப் போட்டதில்லை. போன தீபாவளிக்கு முன்பே போய்விட்டாள். ரோசலினின் கணவர் வில்லியம் பேருந்து ஓட்டியவர். கோயில், வீடு தவிர வேறு பழக்கம் இல்லாதவர். இரண்டு முறை கட்டியை எடுத்தாகிவிட்டது. மறுபடி வந்திருக்கிறது.

"ஏம்மா மூத்திர டாக்டரு" என்றாள் ரோசலின், பயத்தை மறைக்கச் சிரித்துக்கொண்டு. "இன்னிக்கு எத்தனை வீட்டுல பிடிச்சே?"

"பத்து வீடு, ஆன்ட்டி."

"உங்கப்பா கூட வந்ததால பத்து. நீ மட்டும் வந்திருந்தா ஒரு கதவு திறந்திருக்காது. டப்பாவை நீட்டிக்கிட்டு ஒரு பொண்ணு நிக்குதேன்னு எங்க வீட்டுக்காரருக்கே வெக்கம்."

அது உண்மை. பிலால் பின்னால் வந்து நின்றால் முஸ்லிம் வீடு, கிறிஸ்தவ வீடு, இந்து வீடு எல்லாம் திறந்தன. "அண்ணன் சொன்னா சரி" என்று டப்பாவை வாங்கிக்கொண்டார்கள். அந்த அண்ணன் மட்டும் தன் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 'பெத்த மகள் கையில இதைக் கொடுக்கச் சொல்றியா? உசுரு போனாலும் மாட்டேன்' என்று போன வாரமே முடித்துவிட்டார். ஷாஹிராவும் வற்புறுத்தவில்லை. எழுபது தாண்டியவர். போகட்டும்.

லிப்டுக்குள் காற்று கனத்தது. ஷாஹிரா முக்காட்டின் நுனியால் கழுத்தைத் துடைத்தாள். கைபேசியில் சிக்னல் ஒரு கோடு வந்து வந்து மறைந்தது. காலையில் வந்த செய்தி மட்டும் திரையில் அப்படியே நின்றது. அவளுடைய மேலதிகாரி டாக்டர் பழனியப்பன் அனுப்பியது.

'கார் நிறுத்துமிடத்தில் துளை போட்டு எடுத்த நீரின் முடிவு வந்துவிட்டது. பழைய சாயப்பட்டறைக் கழிவுதான். அளவு மிக அதிகம். இரண்டாவது பரிசோதனை வரும்வரை யாரிடமும் பேச வேண்டாம். பீதி கிளம்பும். ஒரே கேள்வி பாக்கி: நிலத்தடி நீரை அங்கே யார் குடிக்கிறார்கள்?'

அதுதான் இடித்தது. இந்த வீடுகள் வருவதற்கு முன் இங்கே கைலிக்குச் சாயம் போடும் பட்டறை இருந்தது. கழிவைக் குழி வெட்டி ஊற்றியிருக்கிறார்கள். அந்தப் பழைய சாயங்கள் சிறுநீர்ப்பையைக் கெடுக்கும் என்பது பாடப் புத்தகத்திலேயே உண்டு. மண்ணுக்கடியில் நஞ்சு இருக்கிறது. ஆனால் மண்ணுக்கடியில் இருப்பது மனிதர் வயிற்றுக்கு எப்படி வந்தது?

குழாய்த் தண்ணீரைச் சோதித்தாள், சுத்தம். வீடு வீடாகக் கேட்டாள்: 'என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள்?' எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள்: குழாய்த் தண்ணீர், கொதிக்க வைத்து. சூராவுக்குப் பின்னால் ஒரு கிணறு உண்டு. அதைப் பற்றி அத்தாவையே கேட்டாள். 'அது ஒளு செய்ய, கால் கழுவத்தான். யாரும் குடிக்கிறதில்ல' என்றார். பொய் சொல்கிற மனிதர் இல்லை. கிணற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாள்.

இன்னொரு முடிச்சும் இருந்தது. ரொட்டிக் கடை பஷீர் பத்து வருடம் முன்பே பாலிக் புலாவுக்குக் குடிபோனவர். சுற்றிலும் டுரியான் தோப்பு, நல்ல காற்று. அவருக்கும் இதே நோய். இங்கே இருந்து போன பிறகும் எது அவரைத் துரத்திக்கொண்டு போயிற்று?

"ஷாஹிரா... எனக்கு ஒரு மாதிரி வருது" என்றாள் ரோசலின்.

அவள் முகம் வேர்வையில் மின்னியது. விரல்கள் நடுங்கின. ரோசலினுக்குச் சர்க்கரை உண்டு. காலையில் மாத்திரை போட்டுவிட்டு, சாப்பிடாமல் பாசாருக்குப் போனவள். ஷாஹிரா அவளைத் தரையில் உட்கார வைத்தாள். பாசார் பையில் இரண்டு வாழைப்பழம் இருந்தது. ஒன்றை உரித்து ஊட்டினாள். நடுக்கம் கொஞ்சம் அடங்கியது.

"நாக்கு அப்படியே ஒட்டிக்குது. தண்ணி வேணும்" என்ற ரோசலின் நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணே, அந்தப் போத்தலைக் கொடுங்க. வில்லியமுக்கு ஒரு வாய் குறைஞ்சா என்ன, அவரு கோவிச்சுக்க மாட்டாரு."

"கோவிச்சுக்கிறதா! உனக்கும் நல்லதுதானேம்மா. பிஸ்மில்லா சொல்லி... நீ உன் சாமி பேரைச் சொல்லிக் குடி." அலாவுதீன் மூடியைத் திருகித் திறந்தார்.

மூடிய லிப்டுக்குள் அந்த வாசம் மெல்லப் பரவியது. ஈர மண் வாசம். அதற்குள்ளே லேசாக, வார்னிஷ் போல ஏதோ ஒன்று.

ஷாஹிராவுக்கு அந்த வாசம் தெரியும். பரீட்சைக்குப் போகும் காலையில் அது வரும். காய்ச்சல் அடித்தால் வரும். அத்தா உதடு அசைய ஓதி, மூன்று முறை ஊதி, கிளாஸை நீட்டுவார். 'ஓதின தண்ணி, ஒரே மூச்சுல குடி.' கொஞ்சம் கசக்கும். ஓதினதால் அப்படி என்று நினைத்துக்கொள்வாள்.

அவள் நிமிர்ந்து போத்தலைப் பார்த்தாள்.

"அத்தா" என்றாள். "அது எங்க பிடிச்ச தண்ணி?"

"எங்கன்னா? கிணத்துலதான்."

"குழாய்த் தண்ணி இல்லையா?"

"குழாய்த் தண்ணியில மருந்து கலக்குறான். அதுல ஓதினா நிக்குமா? ஊத்துத் தண்ணிதான் ஓதுறதுக்கு. உனக்குத் தெரியாததா?"

"யாரும் அதைக் குடிக்கிறதில்லன்னு சொன்னீங்களே!"

அலாவுதீன் உண்மையிலேயே விழித்தார். "குடிக்கிறதில்லதான். இது குடிக்கிற தண்ணியா? இது மருந்து."

ஷாஹிரா சுவரில் சாய்ந்தாள். வீடு வீடாகக் கேட்ட கேள்வியை எழுதியவள் அவள். இந்தக் கட்டடத்தில் வளர்ந்தவள், இந்தத் தண்ணீரைக் குடித்தவள். 'என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள்' என்று அவளையே யாராவது கேட்டிருந்தால், குழாய்த் தண்ணீர் என்றுதான் சொல்லியிருப்பாள். யாரும் மறைக்கவில்லை. யாருக்கும் தோன்றவில்லை. தாகத்துக்குக் குடிப்பது தண்ணீர். இது வேறு.

நல்லம்மாள் மூட்டு வலிக்கு வாங்கிப் போவாள். வில்லியம் முதுகு வலிக்கு. பஷீர் வெள்ளிக்கிழமை தோறும் பாலிக் புலாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, தொழுதுவிட்டு, ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு போவார். முப்பது வருடமாக, கேட்டவர்களுக்கெல்லாம், ஒரு காசு வாங்காமல்.

ரோசலின் போத்தலை வாயருகே கொண்டுபோனாள்.

"வேணாம், ஆன்ட்டி!"

ரோசலின் திடுக்கிட்டாள். "என்னம்மா?"

"அது... அது ரொம்ப நேரமா வெளிய இருந்துச்சு. சூடாயிருக்கும். இருங்க." ஷாஹிரா பெட்டியைத் திறந்து, மாதிரிகளுக்கு நடுவில் இருந்த ஐஸ் பையை எடுத்து ரோசலினின் பின்கழுத்தில் வைத்தாள். "இது நல்லா இருக்கும்."

"மூத்திரத்துக்குப் பக்கத்துல இருந்ததைக் கழுத்துல வைக்கிறே!" ரோசலின் சிரித்தாள். "கழுத்துல வெச்சா தாகம் போகுமா? உள்ள போனாத்தான் போகும். விடும்மா, ஒரு வாய்."

விட்டால் ஒரு வாய். ஒரு வாயில் ஒன்றும் ஆகிவிடாது. அது ஷாஹிராவுக்குத் தெரியும். ஆனால் கதவு திறந்ததும் அந்தப் போத்தல் பன்னிரண்டாம் மாடிக்குப் போகும். கட்டி மறுபடி வந்த வில்லியம் அதைக் கிளாஸ் கிளாஸாகக் குடிப்பார். இப்போது பேசினால், மேலதிகாரியின் கட்டளை போயிற்று. அதைவிடப் பெரியது இன்னொன்று: அத்தாவின் முகத்துக்கு நேரே, அவரை அண்ணே என்று கூப்பிடுகிற ஒருத்தியின் முன்னால், பேச வேண்டும். பேசாமல் நழுவ ஒரு கதவு வேண்டும். இருந்த ஒரே கதவு திறக்க மறுத்தது.

அவள் கை நீட்டிப் போத்தலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, இந்தத் தண்ணியக் குடிக்காதீங்க. அங்கிளுக்கும் கொடுக்காதீங்க."

"ஏன்?"

"நம்ம பில்டிங்குக்கு அடியில, மண்ணுல, பழைய சாயப்பட்டறை விஷம் இருக்கு. இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சுது. கிணறு அதுக்குப் பக்கத்துலதான். கிணத்த இன்னும் டெஸ்ட் பண்ணல. ஆனா இதுல அந்த வாசம் அடிக்குது."

ரோசலின் போத்தலிலிருந்து கையை எடுத்தாள்.

"அதாலதான் அவருக்கு வந்துச்சுன்னு சொல்றியா?" ரோசலின் மெதுவாகக் கேட்டாள்.

"உறுதியாச் சொல்ல முடியாது, ஆன்ட்டி. இப்போதைக்கு யாராலயும் முடியாது. ஆனா குடிக்கக் கூடாது. அது மட்டும் உறுதி."

"ஆபரேஷனுக்கு அப்புறம் நான் கூடக் கூடக் கொடுத்தேன்" என்றாள் ரோசலின். யாரிடமும் சொல்லவில்லை, லிப்ட் தரையிடம் சொன்னாள். "ஆஸ்பத்திரியில நர்ஸுக்குத் தெரியாம பிளாஸ்க்ல கொண்டுபோய், ஸ்பூன்ல ஊட்டினேன். 'பாய் அண்ணன் உங்களுக்காக ஓதினது, குடிங்க'ன்னு ஊட்டினேன்."

"வாயை மூடு, ஷாஹிரா!"

அலாவுதீனின் குரல் அந்தச் சின்னப் பெட்டிக்குள் இடித்தது. பாங்கு சொல்லிப் பழகிய குரல்.

"என் ஓதலையா குத்தம் சொல்றே?"

"ஓதலைச் சொல்லல, அத்தா. தண்ணியைச் சொல்றேன்."

"தண்ணி வேற, ஓதல் வேறயா? ஓதினப்புறம் ரெண்டும் ஒண்ணு. காய்ச்சலோட வந்தவன் எத்தனை பேரு எந்திரிச்சுப் போயிருக்கான்! நீ எப்படி டாக்டரான? ஒவ்வொரு பரீட்சைக்கும் இதைக் குடிச்சிட்டுத்தானே போன?"

"போனேன், அத்தா. அதான் எனக்கும் தோணல."

"அப்ப நான் இத்தனை வருசமா சனங்களுக்கு விஷம் ஊத்திக் கொடுத்திருக்கேன். அதானே நீ சொல்றது?"

ஷாஹிரா வாய் திறக்கவில்லை. 'இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காக அவர் காத்திருந்தார். அது வரவில்லை.

"கொடு இங்க." அவர் போத்தலைப் பிடுங்கினார். "முப்பது வருசமா நானும்தான் குடிக்கிறேன். எனக்கு என்ன ஆச்சு? கல்லு மாதிரி நிக்கிறேன், பாரு!"

அண்ணாந்து குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. ஷாஹிரா பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் உதறினார். போத்தல் கைநழுவித் தரையில் விழுந்து, குடுகுடுவென்று கொட்டியது. ரோசலினின் செருப்பை நனைத்து, கதவின் இடுக்கைத் தேடிப் போய், அதன் வழியாகக் கீழே சொட்டத் தொடங்கியது. பதினோரு மாடி ஆழத்தில் எங்கோ அது தகரத்தில் விழுகிற சத்தம் வெகு நேரம் கழித்து மேலே வந்தது.

யாரும் போத்தலை எடுக்கவில்லை. மூன்று பேரும் அந்தச் சொட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் அலாவுதீன் பொத்தானை அழுத்தினார். "முஸ்தஃபா! எங்க இருக்கான் அவன்?"

"பாலம் தாண்டிட்டானாம், அண்ணே."

"தாண்டி எங்க?"

"இப்பத்தான் தாண்டினான் லா, அண்ணே."

அவர் மூலையில் போய் நின்றார். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. இது புழுக்கத்தின் வேர்வை இல்லை. மறுபடி பொத்தான் பக்கம் வந்தார், மறுபடி மூலைக்குப் போனார்.

ரோசலினுக்குத்தான் முதலில் புரிந்தது. வியாதிக்காரக் கணவனோடு இரண்டு வருடம் இருந்தவள்.

"அண்ணே, அவசரமா வருதா?"

"ஒண்ணுமில்ல."

"என்கிட்ட என்ன மறைக்கிறீங்க? ஆம்பளைங்களுக்கு வயசானா நிக்காது. இந்தாங்க, போத்தல் காலியாத்தானே கிடக்கு..."

"அதுல வேணாம்!" அவர் பதறினார். "அதுல ஆயத்து ஓதியிருக்கேன். என் உசுரு போனாலும் அதுல மாட்டேன்."

ஷாஹிரா ஐஸ் பெட்டியைத் திறந்தாள். புதிய டப்பாக்கள் இரண்டு மிச்சம் இருந்தன. பன்னிரண்டாம் மாடிக்காக வைத்திருந்தவை. அவற்றை அத்தாவின் பக்கம் நீட்டினாள்.

அவர் அவற்றைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கொஞ்சம் முன்பு இடி போலப் பேசிய மனிதர் இப்போது சுருங்கிப் போயிருந்தார்.

"நீ திரும்பிக்க" என்றார்.

"திரும்பிக்கிறோம் அண்ணே, ரெண்டு பேரும் திரும்பிக்கிறோம். கண்ணையும் மூடிக்கிறோம். இங்க பாருங்க, நான் ஜெபமாலை சொல்றேன், சத்தமா. எங்களுக்கு ஒண்ணும் கேக்காது." ரோசலின் ஷாஹிராவின் தோளைப் பிடித்து எழுந்தாள். இருவரும் கதவுப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார்கள். "அருள் நிறைந்த மரியே வாழ்க..."

அவள் குரல் பெரிய குரல். ஆனாலும் ஷாஹிராவுக்குக் கேட்டது. டாக்டர் காது. முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் கொஞ்சம். நின்றது. பல்லைக் கடித்து மூச்சிழுக்கும் சத்தம். மறுபடி கொஞ்சம். மறுபடி நின்றது.

வயசு, என்று நினைத்தாள். எழுபது தாண்டிய ஆம்பளை. வயசு.

"...எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்..." ரோசலின் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். சொல்லும்போதே அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்காமல் அடுத்த ஜெபத்துக்குப் போனாள்.

தலைக்கு மேலே சங்கிலி உரசியது. லிப்ட் ஒரு முறை திமிறியது. மெல்ல, முனகிக்கொண்டே, மேலே நகர்ந்தது. கதவின் நடுவில் இரும்புக் கம்பி ஒன்று நுழைந்தது. வெளிச்சம் கோடாக உள்ளே விழுந்தது.

"எல்லாரும் இருக்கீங்களா?" முஸ்தஃபாவின் முகம் இடுக்கில் தெரிந்தது. பின்னால் நீலச் சட்டை போட்ட லிப்ட் ஆள் வேர்த்து நின்றான். "அலாமாக், தரை எல்லாம் ஈரம். என்ன ஆச்சு?"

"தண்ணி கொட்டிருச்சு" என்றாள் ரோசலின்.

கதவு ஓர் ஆள் நுழையும் அளவு திறந்தது. வெளித்தரை முழங்கால் உயரத்தில் இருந்தது. முஸ்தஃபா கை கொடுத்து ரோசலினை ஏற்றிவிட்டான். அவள் பையை வாங்கிக்கொண்டாள். காலிப் போத்தலைக் குனிந்து பார்த்தாள். எடுக்கவில்லை.

"ஷாஹிரா" என்றாள். "அவரு கதவுகிட்டவே நாற்காலி போட்டு உக்காந்திருப்பாரு. தண்ணி எங்கன்னு கேப்பாரு. நான் என்ன சொல்றது?"

"நான் வர்றேன், ஆன்ட்டி. நானே சொல்றேன்."

"நீ சொல்ல வேணாம்." ரோசலின் ஒரு கணம் யோசித்தாள். "அண்ணன் வந்து சொல்லணும். அண்ணன் சொன்னாத்தான் அவரு நிறுத்துவாரு. இங்க எல்லாருமே அப்படித்தான்."

அலாவுதீன் மூலையை விட்டு நகரவில்லை. ரோசலின் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. அவள் நடைபாதையில் நடந்து போகும் செருப்புச் சத்தம் தேய்ந்தது. முஸ்தஃபாவும் லிப்ட் ஆளும் மேலே மோட்டார் அறையைப் பற்றி ஏதோ தர்க்கம் செய்துகொண்டு படிக்கட்டுப் பக்கம் போனார்கள்.

"வாங்க, அத்தா. நீங்க முதல்ல ஏறுங்க."

அவர் தலையில் தொப்பி இல்லை. அதைக் கழற்றி, இரண்டு கைகளாலும் நெஞ்சுக்கு நேரே கவிழ்த்துப் பிடித்திருந்தார். கொஞ்சம் முன்பு போத்தலைப் பிடித்திருந்தாரே, அதே மாதிரி. தொப்பிக்கு அடியில் டப்பா.

"அதைக் கொடுங்க. மூடி போட்டு வெச்சிடுறேன். தூக்கித்தான் போடப் போறேன், டெஸ்ட் பண்ண மாட்டேன். பயப்படாதீங்க."

அவர் கொடுக்கவில்லை. ஷாஹிரா கை நீட்டினாள். அவர் பின்வாங்க இடமில்லை. முதுகுக்குப் பின்னால் லிப்டின் சுவர். அவள் தொப்பியை மெல்ல விலக்கினாள். திறந்த கதவு வழியே வந்த வெளிச்சம் டப்பாவின் மேல் விழுந்தது.

போன வாரம் அவர் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தது வெட்கத்தால் இல்லை.

கீழே, ஆழத்தில், கடைசிச் சொட்டு விழுந்தது. அலாவுதீன் நடைபாதையை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நோன்புக்கு முன்னாலேருந்து இப்படிச் சிவப்பாத்தான் போவுதும்மா... அதான், வில்லியமுக்கு ஒரு போத்தல் ஓதினா எனக்கு ரெண்டு போத்தல் ஓதி வெச்சுக்குவேன்."